கொங்கிறீற் துளைக்கும் பற்றரி ஹமர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கட்டட வேலைத்தளங்களில் வயர் இல்லாத ஹமர் இயந்திரங்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன. மின் இணைப்பு இன்னும் கிடைக்காத புதிய வீடுகளிலும், ஏணியில் நின்று செய்யும் வேலைகளிலும் அவை பெரும் உதவி. ஆனால் நாட்கூலிக்கு வேலை செய்யும் ஒருவருக்கு இது பல நாள் உழைப்பின் விலை. வயரிங் வேலை செய்பவன் என்ற வகையில், என்னிடம் ஆலோசனை கேட்போருக்கு நான் சொல்வதை இங்கே தருகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல

சுத்தியல் அடையாளம் போட்ட சாதாரண ட்றில்லில், பல்லு வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று உரசித் தட்டுகின்றன. நாம் அழுத்தும் அளவுக்குத்தான் அடி விழும். சீமெந்துக் கல்லுக்கு அது போதும். கொங்கிறீற் தூணுக்குப் போதாது. ரொட்டறி ஹமரிலோ பிஸ்டன் காற்றை அமுக்க, அந்தக் காற்று உள்ளிருக்கும் அடிக்கட்டையை வேகமாக முன்னே தள்ளுகிறது. இறுக அழுத்த வேண்டியதில்லை. நேராகப் பிடித்தாலே போதும்.

அடியின் வலு

வோல்ற்றை விட முதலில் பார்க்க வேண்டியது ஜூல். ஓர் அடியின் வலுவை அதுதான் சொல்கிறது. 6 முதல் 12 மில்லிமீற்றர் வரையான துளைகளுக்கு 2 ஜூல் அளவு தாராளம். கம்பி நடுவதற்கு 16 மில்லிமீற்றர் துளைகளை அடிக்கடி போடுபவர் 2.5 முதல் 3 ஜூல் வரை பார்க்கலாம். பெட்டியில் உள்ள 24, 26 மில்லிமீற்றர் என்பவை உச்ச அளவுகள். நாள் முழுக்கத் துளைப்பதற்கான அளவுகள் அல்ல. பெரிய துளைகளே உங்கள் தொழிலென்றால், 18 மில்லிமீற்றர் தண்டுள்ள எஸ்.டி.எஸ். மெக்ஸ் வகை இயந்திரம் வேண்டும். சிறியவற்றில் பொருந்தும் எஸ்.டி.எஸ். பிளஸ் பிட்டின் தண்டு 10 மில்லிமீற்றர். ஒன்று மற்றதில் பொருந்தாது.

பற்றரியும் இலக்கங்களும்

18 வோல்ற் பற்றரி என்பது 3.6 வோல்ற் செல்கள் ஐந்தை வரிசையாக இணைத்தது. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் அது 20 வோல்ற்றைத் தொடும். ஆகவே “20 வோல்ற் மெக்ஸ்” என்பது வேறு இயந்திரமல்ல. 48, 88 என்று பெரிய இலக்கம் ஒட்டிய மலிவுப் பற்றரிகளை நம்ப வேண்டாம். 48 வோல்ற்றுக்கே 13 செல்கள் வரிசையாக வேண்டும். ஐந்து செல் பற்றரியால் அது முடியாது.

வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்கினால் உண்மையான கொள்ளளவு தெரியும். 18 வோல்ற், 5 அம்பியர் மணி என்றால் 90 வாற் மணி. உங்களிடம் ஏற்கெனவே ஒரு கம்பனியின் பற்றரிகள் இருந்தால், அதே கம்பனியின் இயந்திரத்தைப் பற்றரி இல்லாமல் வாங்குவது இலாபம்.

கையும் நுரையீரலும்

பிட் கம்பியில் சிக்கினால் இயந்திரம் கையை முறுக்கும். எனவே பக்கக் கைபிடியும் சிக்கும்போது விடுபடும் கிளச்சும் கட்டாயம். அதிர்வின் அளவையும் கைநூலில் பாருங்கள். ஐரோப்பிய விதிகளின்படி எட்டு மணிநேர வேலைக்கான உச்ச அதிர்வு 5 அலகு. 14 அலகு அதிரும் இயந்திரத்தில் அந்த எல்லை ஏறக்குறைய ஒரு மணிநேரத் துளையிடலிலேயே வந்துவிடும்.

கொங்கிறீற் தூசியில் சிலிக்கா இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. துணியை முகத்தில் கட்டுவது போதாது. என்95 தர முகக்கவசத்தின் விலையையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை ஜூல்? பற்றரி தனியாகக் கிடைக்குமா? பழுதானால் எங்கே திருத்துவது? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.