வாய்நலமும் நன்மை நுண்ணுயிரிகளும்: புளியந்தோப்பை முன்வைத்து

பழைய ஜெயில் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை வடசென்னையின் முதியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். 1780களின் பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த அறப்பணியே அதன் வேர். அந்நிறுவனத்தின் இரைப்பை-குடல் அறுவைச் சிகிச்சைத் துறை அண்மை ஆண்டுகளில் அரசு நிதியுதவியோடு பழைய சோற்றைக் குடல்நோயாளிகளுக்குரிய உணவாகக் கொண்டு ஆராய முற்பட்டது. உழைக்கும் மக்களின் விடியற்கால உணவொன்று முறையான மருத்துவ ஆய்வின் பொருளானது வரவேற்கத்தக்கது. ஆயினும் இத்தகைய ஆய்வுகளை ஒட்டி எழும் ஊகம் ஒன்று தனியே ஆராயப்பட வேண்டியுள்ளது. குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் வாய்வழியே செல்வதால் பல்லுக்கும் ஈறுக்கும் நன்மை செய்தே தீரும் என்பது அவ்வூகம். குடலுக்குப் பொருந்தும் தருக்கம் வாய்க்கு அப்படியே பொருந்தாது என்பதும், வாய்நலத்துக்கான நுண்ணுயிரிச் சிகிச்சை ஃபுளோரைடுக்கும் சர்க்கரைக் குறைப்புக்கும் பின்னால் வரவேண்டிய துணையே என்பதும், அத்துணையின் உண்மை மதிப்பை வடசென்னையின் புளியந்தோப்பு போன்ற பகுதியில் நிகழும் ஆய்வே காட்ட முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

போதிய அளவில் உட்கொள்ளும்போது உட்கொள்பவரின் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக் என உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2001இல் வரையறுத்தன. இவ்வரையறையின்படி நுண்ணுயிரி உயிரோடு இருக்க வேண்டும், அளவு போதியதாக இருக்க வேண்டும், நன்மை மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அப்பெயர் பொருந்தாது. அத்துடன், ஒரே சிற்றினத்துக்குள் மரபணு அளவில் வேறுபடும் கிளைகளான திரிபுகள் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. எனவே ஒரு திரிபைக் கொண்டு நிறுவப்பட்ட பயனை அதே சிற்றினத்தின் வேறொரு திரிபுக்கு உரியதாக்க முடியாது. இந்த அளவுகோலின்படி வீட்டுத் தயிரும் இட்லி மாவும் பழைய சோறும் புளித்த உணவுகளே அன்றி, அவற்றில் எந்தத் திரிபு எவ்வளவு உள்ளது என்பது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறுவதால், இச்சொல்லின் கண்டிப்பான பொருளில் புரோபயாடிக் ஆகா. அவற்றின் உணவு மதிப்பு இதனால் எள்ளளவும் குறைவதில்லை.

மனித வாயில் எழுநூறுக்கு மேற்பட்ட பாக்டீரியச் சிற்றினங்கள் இனங்காணப்பட்டுள்ளன. அவை உமிழ்நீரில் மிதந்து திரிவனவாக மட்டும் இல்லை. பல்லின் மேல் ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தாமே சுரக்கும் பசைப்பொருளுக்குள் கூடிவாழும் உயிர்ப்படலமாக அமைகின்றன. மக்கள் பல் அழுக்கு என்பதும், அது சுண்ணமேறி இறுகியபின் காரை என்பதும் இப்படலத்தின் இரு நிலைகளே. சர்க்கரை கிடைத்தவுடன் படலத்திலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. அமில-கார அளவீட்டில் பல் மேற்பரப்பு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலின் கனிமம் கரையத் தொடங்குகிறது. 1940களில் ராபர்ட் ஸ்டீஃபன் அளந்து காட்டியபடி, இந்த இறக்கம் சில நிமிடங்களில் நிகழ்ந்துவிடுகிறது. பழைய நிலைக்கு மீள்வதற்கோ அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை ஆகிறது. ஒரு நாளில் எவ்வளவு சர்க்கரை உண்ணப்படுகிறது என்பதோடு எத்தனை முறை உண்ணப்படுகிறது என்பதும் சொத்தையைத் தீர்மானிப்பது இதனாலேயே. அடிக்கடி அமிலமாகும் வாயில் அமிலத்தைத் தாங்கும் நுண்ணுயிரிகளே பெருகும், பிற நலியும் என்ற சூழலியல் விளக்கத்தை ஃபிலிப் மார்ஷ் 1994இல் முன்வைத்தார். சொத்தை என்பது வெளியிலிருந்து வந்த ஒரு கிருமியின் படையெடுப்பன்று, உள்ளேயே வாழும் சமூகத்தின் சமநிலைக் குலைவு என்று பார்த்தால், நல்ல நுண்ணுயிரியை வெளியிலிருந்து புகுத்துவதைவிட ஏற்கெனவே உள்ள நல்லவற்றுக்கு உரிய சூழலைக் காப்பதே முதற்பணி என்பது தெளிவாகும்.

ஸ்டான்லியின் குடல் ஆய்வை வாய்க்குக் கொண்டுவர முடியாததன் காரணமும் இவ்விளக்கத்திலேயே அடங்கியுள்ளது. உணவு குடலைக் கடக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்போது, நீராகாரம் வாயில் தங்குவது சில நொடிகளே. உமிழ்நீரோ நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை சுரந்து வாயை ஓயாமல் அலசிக்கொண்டிருக்கிறது. பழைய சோற்றில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பல்லில் ஒட்டி வாழப் பழகியவை அல்ல. மேலும், அப்புளிப்பே அமிலம். குடலில் நன்மையாகும் அமில உற்பத்தி, பல்லின் மேல் நிகழ்ந்தால் தீங்காகும். லாக்டோபேசில்லஸ் வகையினவே ஆழ்ந்த சொத்தைக் குழிகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பது பல் மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. 2004இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்று, லாக்டோபேசில்லஸ் கலந்த புரோபயாடிக்கை உட்கொண்டவர்களின் உமிழ்நீரில் அவ்வகை பாக்டீரியாக்கள் கூடியதைக் காட்டி எச்சரித்தது. அதற்காகப் பழைய சோறு பல்லைக் கெடுக்கும் என்று முடிவுகட்டுவதும் பிழையே. சர்க்கரை சேராத அவ்வுணவு காலைத் தேநீருக்கும் இனிப்பு ரொட்டிக்கும் மாற்றாக அமையும் வீட்டில், மாற்றாக அமைவதாலேயே, பல்லுக்கு மறைமுக நன்மை உண்டாகலாம்.

வாய்க்கென்றே செய்யப்பட்ட ஆய்வுகளுள் பெரிதும் எடுத்தாளப்படுவது ஹெல்சிங்கியில் நிகழ்ந்து 2001இல் வெளியான பின்லாந்து ஆய்வு. பகல்நேரக் காப்பகங்களைச் சேர்ந்த, ஒன்று முதல் ஆறு வயது வரையிலான 594 குழந்தைகளுக்கு, வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏழு மாதங்கள், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்னும் திரிபு கலந்த பாலோ வெறும் பாலோ வழங்கப்பட்டது. திரிபு கலந்த பாலைக் குடித்தவர்களிடம், குறிப்பாக மூன்று, நான்கு வயதினரிடம், சொத்தைக்கான வாய்ப்பு குறைந்து காணப்பட்டது. அமில பாக்டீரிய வகையொன்று எவ்வாறு சொத்தையைக் குறைத்தது என்ற கேள்வி நியாயமானது. ராம்னோசஸ் ஜி.ஜி. திரிபால் பாலின் சர்க்கரையான லாக்டோஸையும் சமையலறைச் சர்க்கரையான சுக்ரோஸையும் நொதிக்க இயலாது என்பதே அதன் சிறப்பு. திரிபின் பெயரைச் சொல்லாமல் பயனைச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று தேவையில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டாக் வேறொரு வழியைக் கைக்கொண்டார். குடலிலிருந்தோ பாலிலிருந்தோ எடுக்காமல், வாயிலேயே இயல்பாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸின் கே12 என்னும் திரிபை, அது பிற பாக்டீரியாக்களை ஒடுக்கும் புரதங்களைச் சுரப்பதால் தேர்ந்தெடுத்து, வாய் நாற்றத்துக்கும் தொண்டை நோய்க்கும் பயன்படுத்த முனைந்தார். வாய்க்கு உரியதை வாயிலிருந்தே தேடுவதால், கோட்பாட்டளவில் இவ்வழியே வலுவுடையது எனலாம்.

ஈறு நோயில் நிலைமை வேறு. ஈறு அழற்சியும், அது முற்றிப் பல்லைத் தாங்கும் எலும்பையே அரிக்கும் பற்சூழ் திசு நோயும் ஈறு விளிம்பிலும் அதற்குக் கீழேயும் நிகழ்வன. கர்நாடகத்தின் தாவண்கரேயில் முப்பது நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், காரை நீக்கியபின் லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி அடங்கிய சப்பு மாத்திரையைப் பெற்றவர்களிடம் ஈறில் இரத்தக்கசிவும் நோய்க்கிருமிகளும் குறைந்தன. இந்திய வாய்களிலேயே நிகழ்ந்த ஆய்வு என்பதால் இதற்குத் தனி மதிப்புண்டு. எனினும் 42 நாள் என்னும் கால அளவு ஆண்டுக்கணக்கில் வளரும் நோய்க்கு மிகக் குறுகியது. பின்னர் திரண்ட ஆய்வுகளை எடைபோட்ட ஐரோப்பியப் பற்சூழ் திசுநோய் மருத்துவக் கூட்டமைப்பு, 2020இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறையில், ஈறுக்குக் கீழான சுத்திகரிப்போடு புரோபயாடிக்கைச் சேர்க்க வேண்டாம் என்றே கருத்துரைத்தது. இப்பரிந்துரையைப் புறந்தள்ளிவிட்டு ஈறு நோய்க்கு மாத்திரை விற்பது பொறுப்பற்ற செயலாகும். வடசென்னையில் இதன் விளைவு ஈறோடு நிற்காது. நீரிழிவு ஈறு நோயை முற்றச் செய்ய, ஈறு நோய் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் ஆக்குகிறது. 1948இல் ஸ்டான்லியில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கி, 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை நிறுவிய எம். விஸ்வநாதனின் பணியால் இந்நோய் குறித்த விழிப்பு பிற பகுதிகளுக்கு முன்பே இங்கு வேர்விட்டது. காரை நீக்கும் எளிய சிகிச்சை அந்நோயாளிகளுக்குத் தவறாமல் கிடைப்பதே எந்த மாத்திரையைவிடவும் முதன்மையானது.

புளியந்தோப்பின் அன்றாட வாழ்க்கை இவ்விவாதத்துக்கு வெளியே உள்ளதன்று. பி அண்ட் சி ஆலை 1996இல் மூடப்பட்டபின் நிலையான ஆலைவேலை மறைந்து, கூலிவேலையும் சுமைவேலையும் மிகுந்த இப்பகுதியில், ஆட்டுத்தொட்டியில் விடியுமுன் வேலைக்கு இறங்குவோர்க்கும் துறைமுகம் நோக்கிச் செல்வோர்க்கும் பசியடக்குவது சர்க்கரை மிகுந்த தேநீரும் பொறையுமே. ஒரு நாளில் பலமுறை அருந்தப்படும் அத்தேநீர் ஒவ்வொரு முறையும் பல்லை அமிலத்தில் ஆழ்த்துகிறது. சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவா ஈறையும் கன்னத் திசுவையும் அழிக்கிறது. புகையிலை கலந்த மெல்லும் பொருள்களுக்கு 2013இல் தமிழக அரசு விதித்த தடை அப்பழக்கத்தை வேரறுக்கவில்லை. தாய் வேலைக்குப் போகும் வீட்டில் சர்க்கரை கலந்த பால்புட்டியோடு உறங்கும் குழந்தையின் முன்பற்களே முதலில் சொத்தையாகின்றன. இந்தியப் பல் மருத்துவக் குழுமம் 2002-03இல் நடத்திய தேசிய ஆய்வு ஐந்து வயதுக் குழந்தைகளுள் 51.9 சதவீதத்தினருக்குச் சொத்தை இருந்ததைக் கண்டது. இத்தகைய சூழலில் உயிருள்ள பாக்டீரியா அடங்கிய சப்பு மாத்திரையைப் பரிந்துரைப்பது, காரணத்தை அப்படியே விட்டுவிட்டு விளைவின் ஓரத்தைத் தொடுவதாகும். கடைகளில் சிறு குப்பிகளில் கிடைக்கும் புளித்த பால் பானங்கள் பலவற்றில் சர்க்கரையே சேர்க்கப்பட்டுள்ளது என்பதும் கவனத்துக்குரியது. அவற்றைப் பல்லுக்கு நல்லதென்று குழந்தைக்கு வாங்கித்தரும் பெற்றோரின் சொற்ப வருமானம் பல்லுக்கு எதிராகவே செலவாகிறது.

சேமிப்பின் சிக்கலும் சிறியதன்று. உயிருள்ள பாக்டீரியா வெப்பத்தில் மடியும். சென்னையின் சித்திரை வெயிலில், குளிர்பதன வசதியற்ற கடையில் வாரக்கணக்கில் கிடக்கும் பொருளில், வாங்கும் நாளில் எவ்வளவு உயிரோடு உள்ளது என்பதை வாங்குவோர் அறிய வழியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பேரினம், சிற்றினம், திரிபு ஆகியவற்றோடு காலாவதி நாளில் எஞ்சியிருக்கும் உயிருள்ள எண்ணிக்கையையும் உறையில் குறிக்க வேண்டுமென்கிறது. அக்குறிப்பு இல்லாத பொருளை மருத்துவர் பரிந்துரைக்கக் கூடாது.

இவ்வளவு தடைகளுக்குப் பின்னும் இத்துறையைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு ஹெல்சிங்கி ஆய்வே காரணம். அங்கே பயன் தெரிந்த வயதுக் குழந்தைகள் இங்கே பால்வாடியில் இருக்கிறார்கள். 1953இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி பாரிமுனைக்கு அருகிலேயே உள்ளது. நுண்ணுயிரியல் ஆய்வகம் ஸ்டான்லியில் உண்டு. சர்க்கரை சேராத பாலில், திரிபு குறிப்பிட்ட ராம்னோசஸ் ஜி.ஜி.யை ஒரு குழுவுக்கும் வெறும் பாலை மறு குழுவுக்கும், யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் வழங்கிப் பார்க்கலாம். ஏழைப் பிள்ளைகளின் வாயைச் சோதனைக் களமாக்குவதா என்ற எதிர்ப்பு எழும். அது எழ வேண்டும். ஃபுளோரைடு பற்பசையின் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டு, 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டுள்ளதால், இரு குழுவினருக்கும் அது முதல் நாளிலிருந்தே, மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு அரிசியளவிலும் மூத்தோர்க்குப் பட்டாணியளவிலும், இலவசமாக வழங்கப்பட வேண்டும். அதை மறுத்து ஒப்பிடுவது அறமாகாது. அளக்கப்படுவது உமிழ்நீரின் பாக்டீரிய எண்ணிக்கையாக இல்லாமல், எனாமலில் முதலில் தோன்றும் வெண்புள்ளிகளும் புதிய சொத்தைகளுமாக இருக்க வேண்டும். உட்கொள்வதை நிறுத்திய சில வாரங்களில் இத்திரிபுகள் வாயிலிருந்து மறைந்துவிடுகின்றன என்பதால், நிறுத்தியபின் ஆறு மாதம் கழித்து மீண்டும் பரிசோதிப்பதும் தேவை. முடிவு எதிர்மறையானாலும் வெளியிடப்பட வேண்டும் என்பதோடு, பயன் நிறுவப்பட்டால் அந்தப் பால் அதே பால்வாடிகளில் ஆய்வுக்குப் பின்னரும் தொடர்ந்து கிடைக்கும் என்னும் உறுதியை, முதல் குழந்தையின் பெயரைப் பதிவு செய்வதற்கு முன்பே மாநகராட்சியிடமும் அரசிடமும் எழுத்தில் பெற்றிருக்க வேண்டும்.