கெயின்ஸ் மனம் மாறியது எப்போது? 1938 மே மாத ஆவணங்கள் இரண்டை முன்வைத்து

ஜான் மேனார்டு கெயின்ஸ் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் பொருளாளராக இருந்து நடத்திய முதலீடுகளைப் பற்றிய ஆய்வுகளில் டேவிட் சேம்பர்ஸ், எல்ராய் டிம்சன் இருவரின் உழைப்புக்கு ஈடானது வேறில்லை. 1983இல் இதே பொருளைத் தொட்ட சுவாவும் உட்வர்டும் கல்லூரியின் ‘செஸ்ட்’ என்ற முதலீட்டு நிதியின் ஆண்டுக் கணக்குகளோடு நின்றுவிட்டார்கள். சேம்பர்ஸும் டிம்சனும் கல்லூரியின் ஆவணக் காப்பகத்துக்குள் புகுந்து, வாங்கியதையும் விற்றதையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்கள். 2013இலும், ஜஸ்டின் ஃபூவுடன் சேர்ந்து 2015இலும் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்று நிலைபெற்றுவிட்டது. 1920களில் பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணித்துச் சந்தைக்குள் நுழைவதும் வெளியேறுவதுமாக இருந்த கெயின்ஸ், 1930களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டு, சில நிறுவனங்களைத் தேர்ந்து நெடுங்காலம் கைவிடாமல் வைத்திருப்பவராக மாறினார் என்பது அம்முடிவு. இதில் ஒரு பாதியை நான் தயக்கமின்றி ஏற்கிறேன்: செய்முறை மாறியது. பொருளாதாரத்தை முன்கூட்டிக் காண முடியும் என்ற அவருடைய நம்பிக்கையே மாறிவிட்டது என்பதையும், அதற்கு 1938ஆம் ஆண்டு ஆவணங்கள் சாட்சி என்பதையும் ஏற்க முடியவில்லை.

அவர்களுடைய சான்றின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கெயின்ஸ் ஒரு பங்கை வாங்கிய பிறகு அது சந்தையோடு ஒப்பிட எப்படி நடந்துகொண்டது என்று அவர்கள் அளந்தார்கள். முதற்பத்தாண்டில் அவர் வாங்கியவை சொல்லும்படி இல்லை. பிற்காலத்தில் வாங்கியவை சந்தையைத் தெளிவாக முந்தின. வாங்கி விற்கும் வேகமும் காலப்போக்கில் குறைந்தது. 1920களில் சந்தைக்குப் பின்தங்கிய நிதி பின்னர் அதை மிஞ்சியது. இவை எண்கள், இவற்றோடு வழக்காட எனக்கு எதுவுமில்லை. ஆனால் வாங்கல் விற்றல் பதிவேடு காட்டுவது கை செய்த வேலையை மட்டுமே. ஏன் செய்தார் என்ற கேள்விக்குப் பதிவேட்டில் பதில் கிடையாது. அதற்கு அவர்கள் கடிதங்களையும் குறிப்புகளையும் நாடுகிறார்கள். அங்கே அதிகம் சுமை தாங்குவது 1938 மே 8ஆம் நாள் கல்லூரியின் சொத்துக் குழுவுக்குக் கெயின்ஸ் எழுதிய குறிப்பு. 1932ஐ ஒட்டி நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு மனமாற்றத்தை ஆறு ஆண்டுகள் கழித்து, முற்றிலும் வேறான நெருக்கடியில் எழுதப்பட்ட ஆவணத்தைக் கொண்டு விளக்குவது முறையா என்பதுதான் கேள்வி.

அந்த நெருக்கடியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1937 வசந்தத்துக்குப் பின் லண்டன், நியூயார்க் சந்தைகள் இரண்டும் சரிந்தன. கெயின்ஸ் அதே ஆண்டு மே மாதம் இதய நோயால் விழுந்தவர். அவர் தலைவராக இருந்த நேஷனல் மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டுச் சங்கம் 1937இல் 6,41,000 பவுண்டு இழந்தது. பங்குகளை ஏன் விற்கவில்லை என்று இயக்குநர்கள் கேட்டார்கள். தற்காலிகத் தலைவர் கர்சனுக்கு 1938 மார்ச் 18ஆம் நாள் கெயின்ஸ் எழுதிய பதிலில், உச்சத்தில் விற்கத் தவறியதற்குப் பாதாளத்தில் விற்பது பரிகாரம் ஆகாது என்ற கருத்து ஓங்கி ஒலிக்கிறது. அக்டோபரில் அவர் தலைமைப் பதவியை விட்டு விலகினார். செஸ்ட் நிதியின் மூலதன மதிப்பு 1938ஆம் கணக்காண்டில் சுமார் 40 விழுக்காடு வீழ்ந்தது. மே 8ஆம் நாள் குறிப்பு இந்த மாதங்களின் நடுவில் எழுதப்பட்டது. அது தற்காப்பு ஆவணம். விற்காமல் இருந்தது ஏன் சரி என்று, கேள்வி கேட்க உரிமையுள்ள குழுவின் முன் வைக்கப்பட்ட விளக்கம். விளக்கம் என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் பழைய ஆண்டுகளைப் பற்றி அது சொல்வதை, அதன் நோக்கத்தைக் கழித்துவிட்டுப் படிக்க முடியாது.

குறிப்பில் எல்லோரும் எடுத்தாள்வது அதன் மூன்று கோட்பாடுகளை: மதிப்புக்கு மலிவாகக் கிடைக்கும் சில முதலீடுகளைக் கவனமாகத் தேர்வது, அவற்றைப் பெரிய அளவில் ஆண்டுக்கணக்கில் உறுதியாக வைத்திருப்பது, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நகரும் அபாயங்களைச் சேர்த்துச் சமநிலை காப்பது. இவற்றுக்கு முன் வரும் பகுதியில்தான் என் கவனம். வணிகச் சுழற்சியின் கட்டங்களுக்கு ஏற்பப் பங்குகளிலிருந்து மொத்தமாக வெளியேறி மீண்டும் நுழைவதில் தாங்கள் பெரிதாகப் பயன் அடையவில்லை என்று சொல்லும் கெயின்ஸ், கடந்த ஒன்பது ஆண்டுகளில் இருமுறை தங்கள் பங்குத் தொகுதி சில மாதங்களுக்குள் 20 முதல் 25 விழுக்காடு வரை மதிப்பிழந்ததையும், இரண்டிலும் தப்ப முடியாமல் போனதையும் குறிப்பிடுகிறார். உடனே அடுத்ததாக, அந்த இரு தருணங்களிலும் வரப்போவதை ஓரளவு சரியாகவே தாம் முன்கூட்டி உணர்ந்ததாகவும் எழுதுகிறார். இந்த விகிதம் செஸ்ட் நிதியின் எண்களோடு பொருந்தவில்லை. செஸ்ட் 1930இல் 32, 1931இல் 25 விழுக்காடு இழந்திருக்கிறது. குறிப்பு கல்லூரியின் பங்குகளை மொத்தமாகப் பார்ப்பதும், கணக்காண்டு முடிவதற்கு முன் எழுதப்பட்டதும் இவ்வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம். எனக்கு முக்கியமானது காலக் கணக்கு. ஒன்பது ஆண்டுகள் என்றால் 1929க்குப் பின் வந்த வீழ்ச்சியும் 1937க்குப் பின் வந்த வீழ்ச்சியும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. இடையில் 1932ஐ ஒட்டித் தாம் ஒரு கொள்கையை விட்டு இன்னொன்றுக்கு மாறியதாகக் கெயின்ஸ் நினைத்திருந்தால், முதலாவதைப் பழைய முறையின் தோல்வி என்றும் இரண்டாவதைப் புதிய முறையில் தெரிந்தே பொறுத்துக்கொண்ட இழப்பு என்றும் பிரித்திருப்பார். குழுவின் முன் அதைவிட நல்ல வாதம் அவருக்கு இருந்திருக்க முடியாது. அவர் பிரிக்கவில்லை. அதோடு, கைவிட்டதாகச் சொல்லப்படும் முன்னறிவைத் தம்மிடம் இருந்த ஒன்றாகவே பதிவு செய்கிறார்.

இதற்கு மூன்று நாள் முன்பு, மே 5ஆம் நாள், கல்லூரி நிதி நிர்வாகத்தில் தம்மோடு இருந்த ரிச்சர்ட் கானுக்கு அவர் எழுதிய கடிதம் இன்னும் கடுமையானது. சுழற்சிக்கு ஏற்பப் பங்குகளுக்குள் நுழைந்து வெளியேறும் கடன் சுழற்சி முதலீட்டு முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் தாமே என்கிறார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஐந்து வெவ்வேறு தரப்பினர் வெவ்வேறு வழிகளில் அதை முயன்றதைப் பார்த்ததாகவும், ஒருவரும் வெற்றி பெற்றதைக் கண்டதில்லை என்றும் சொல்கிறார். நடைமுறையில் அம்முறை சந்தை இறங்கும்போது முன்னணிப் பங்குகளை விற்று ஏறும்போது வாங்குவதாகவே முடிகிறது. செலவையும் வட்டி இழப்பையும் கழித்தால் மிஞ்சுவதற்கு அசாதாரணத் திறமை வேண்டும் என்பது அவர் கணிப்பு. குழுவுக்கு எழுதியதில் ‘நான் கண்டேன், நம்மால் தப்ப முடியவில்லை’ என்ற தொனி. கானுக்கு எழுதியதில் ‘யாராலும் முடியவில்லை’ என்ற தொனி. அந்த ஐந்து தரப்புகள் எவை என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆஸ்வால்ட் ஃபால்க்குடன் சேர்ந்து 1924இல் தொடங்கிய இன்டிபென்டென்ட் முதலீட்டு நிறுவனம் அவற்றில் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். கடன் சுழற்சிக்கு ஏற்பப் பத்திரங்களுக்கும் பங்குகளுக்கும் இடையே மாறி மாறி ஈட்டுவதற்கென்றே பிறந்த நிறுவனம் அது. நேஷனல் மியூச்சுவலும் கல்லூரியும் பிராவின்ஷியல் காப்பீட்டு நிறுவனமும் பட்டியலில் வரக்கூடும். இருபது ஆண்டு என்ற கணக்குதான் இங்கேயும் முக்கியம். 1938இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அது 1919ஐ நெருங்குகிறது. முன்னோக்கிப் பார்த்தால் 1930களின் பிற்பாதி வரை நீள்கிறது. அம்முயற்சிகள் 1932இல் முற்றுப்பெற்றதாகக் கடிதம் எங்கும் சொல்லவில்லை.

மறுப்பாளர் உடனே 1934 ஆகஸ்டு 15ஆம் நாள் கடிதத்தை எடுத்துக்காட்டுவார். பிராவின்ஷியலின் பிரான்சிஸ் ஸ்காட்டுக்கு எழுதிய அக்கடிதத்தில், தமக்குத் தெரிந்த, நிர்வாகத்தை நம்பக்கூடிய சில நிறுவனங்களில் பெருந்தொகை போடுவதே சரியான வழி என்றும், தெரியாத பலவற்றில் பரப்பினால் அபாயம் குறையும் என்பது தவறு என்றும் கெயின்ஸ் வாதிடுகிறார். நெருக்கடி இல்லாத காலத்தில் எழுதப்பட்டதால் 1938 குறிப்பைவிட இது நம்பகமான சாட்சி. 1934க்குள் தேர்வு முறை மாறிவிட்டது என்பதை இது நிறுவுகிறது. ஆனால் அதன் வாதம் பரவலாக்கத்தைப் பற்றியது. எத்தனை பங்குகள் வைத்திருப்பது என்பது ஒரு கேள்வி. பொருளாதாரத்தின் போக்கைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கான விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்டதுதான் சேம்பர்ஸ், டிம்சன் வாசிப்பின் அடிப்படைச் சிக்கல் என்று கருதுகிறேன்.

அந்த இரண்டாவது கேள்விக்குக் கல்லூரியின் பங்குத் தொகுதியே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1930களில் கெயின்ஸ் பெரிதும் நம்பியவற்றில் ஆஸ்டின் மோட்டாரும் லேலண்டும் உண்டு. அவற்றைவிடக் கூடுதலாகப் பேசத்தக்கது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க நிறுவனமான யூனியன் கார்ப்பரேஷன். அதை நடத்திய ஹென்றி ஸ்ட்ரகோஷ் மீது கெயின்ஸுக்கு மதிப்பு இருந்தது; சொத்தின் மதிப்புக்குக் கீழே பங்கு விற்கிறது என்பதும் அவருடைய கணக்கு. நிறுவனத்தை ஆராய்ந்து வாங்கியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். ஆனால் அந்தச் சுரங்கங்களின் லாபம் எங்கிருந்து வந்தது? 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவையை விட்டு வெளியேறியதும், ஓர் அவுன்சுக்கு சுமார் 85 ஷில்லிங்காக இருந்த தங்கம் லண்டனில் ஏறத் தொடங்கியது. தென்னாப்பிரிக்கா தங்க அளவையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அங்குள்ள சுரங்கங்களுக்கு உள்நாட்டு நாணயத்தில் அந்த ஏற்றம் கிட்டவில்லை. 1932 டிசம்பர் கடைசியில் தென்னாப்பிரிக்காவும் வெளியேறியது. கூலியும் பிற செலவும் பழைய அளவிலேயே நிற்க, தங்கத்துக்குக் கிடைத்த விலை சுமார் 120 ஷில்லிங்குக்குத் தாவியது. குறைந்த தரத் தாதுவும் தோண்டத்தக்கதாயிற்று. இந்த லாபத்தை முன்கூட்டிக் காண நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு போதாது. நாணயக் கொள்கை எங்கே போகிறது என்ற கணிப்பு வேண்டும். கெயின்ஸைவிட அந்தக் கணிப்புக்குத் தகுதியானவர் அன்று அதிகம் பேர் இல்லை. 1938 குறிப்பின் மூன்றாவது கோட்பாட்டிலும் எதிர்த்திசை அபாயத்துக்கு அவர் தரும் உதாரணம் தங்கப் பங்குதான். பொருளாதாரக் கணிப்பு மறைந்துவிடவில்லை; எப்போது விற்பது என்பதிலிருந்து எதை வைத்திருப்பது என்பதற்கு அது இடம் மாறியிருக்கிறது.

இன்னொரு சான்று சேம்பர்ஸே ஒலிவியே அக்கொமினோட்டியுடன் சேர்ந்து வெளியிட்டது. சொந்தக் கணக்கில் கெயின்ஸ் நாணய மாற்று வணிகம் செய்தது 1919 முதல் 1927 வரையும், மறுபடி 1932 முதல் 1939 வரையும். அதாவது கல்லூரிப் பங்குகளில் பொருளாதாரக் கணிப்பைக் கைவிட்டார் என்று சொல்லப்படும் அதே ஆண்டுகளில், அதைத் தவிர வேறெதிலும் நிற்காத ஒரு வணிகத்துக்குத் திரும்பியிருக்கிறார். சொந்தப் பணம் வேறு, கல்லூரிப் பணம் வேறு என்ற மறுப்பு எழும். பொறுப்பு வேறு என்பது உண்மை. கணித்த மூளை ஒன்றுதான். கல்லூரிப் பங்குகளை மொத்தமாக விற்று வாங்கினால் தரகும் முத்திரை வரியும் விழுங்கும்; கல்லூரி பிடித்த பெரிய அளவுக்குச் சிறு நிறுவனப் பங்குகளில் வாங்க ஆள் கிடைப்பதும் அரிது. நாணயச் சந்தையில் நினைத்த நாளில் நுழைந்து வெளியேறலாம். மேலே ஒரு குழு அமர்ந்து கேள்வி கேட்பதும் இல்லை. கானுக்கு எழுதியதில் செலவும் வட்டி இழப்பும் முன்னுக்கு வருவதை இந்த வெளிச்சத்தில் படித்தால், கடன் சுழற்சி முறையின் மீது அவர் வைத்த குற்றச்சாட்டு கணிப்பு பொய்த்ததைப் பற்றியதாக இல்லை. கணிப்பைக் காசாக்க முடியாததைப் பற்றியதாக இருக்கிறது.

கெயின்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் ஸ்கிடெல்ஸ்கி இந்த மாற்றத்தை அவருடைய பொருளியல் கோட்பாட்டு வளர்ச்சியோடு இணைப்பது எனக்கு ஏற்புடையது. ஆனால் அவரும் சூதாடிப் பார்த்த இளமை, உறுதி காத்த முதிர்ச்சி என்று இரு கட்டமாகவே பிரிக்கிறார். 1936இல் வெளிவந்த கெயின்ஸின் ‘பொதுக் கோட்பாடு’ நூலின் 12ஆம் இயலில், நீண்டகால முதலீட்டாளரே குழுக்களிடமும் வங்கிகளிடமும் அதிகம் திட்டு வாங்குபவர் என்ற கருத்து வருகிறது. அது 1938இல் அவருக்கே நேர்ந்தது. பங்குகளை வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணமோ அதற்கும் பழையது: எட்கர் லாரன்ஸ் ஸ்மித்தின் நூலுக்கு 1925 மே மாதம் எழுதிய மதிப்புரையிலேயே, பிரிக்கப்படாத லாபம் நிறுவனத்துக்குள் கூட்டு வட்டிபோல் வளர்வதை அவர் பாராட்டியிருக்கிறார். 1924இல் சுழற்சி முறைக்கென ஒரு நிறுவனம், அடுத்த ஆண்டே நீண்டகாலப் பங்குக்கு ஆதரவு. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருந்தன. தேர்வு முறை மாறிய காலத்தை 1930க்கும் 1934 ஆகஸ்டுக்கும் இடையில் என்பதற்கு மேல் குறுக்க என்னிடம் சான்று இல்லை. 1932 என்ற ஆண்டு வாங்கல் பதிவேட்டின் சராசரியிலிருந்து கிடைப்பது. கெயின்ஸ் எழுதிய எதிலும் அது மனமாற்றத்தின் ஆண்டாகக் குறிக்கப்படவில்லை.

மே 5ஆம் நாள் கடிதமும் மே 8ஆம் நாள் குறிப்பும் டொனால்ட் மொக்ரிட்ஜ் பதிப்பித்த கெயின்ஸ் எழுத்துத் தொகுப்பின் 12ஆம் தொகுதியில் அடுத்தடுத்து அச்சாகியுள்ளன. மூன்று கோட்பாடுகளை மட்டும் பெயர்த்தெடுத்து மேற்கோள் காட்டும் முதலீட்டு ஆலோசகர்களும் ஆய்வாளர்களும், அவற்றுக்கு முன்னால் நிற்கும் அந்த ஒன்பது ஆண்டுக் கணக்கையும் ‘ஓரளவு முன்கூட்டி உணர்ந்தேன்’ என்ற ஒப்புதலையும் சேர்த்தே படிக்க வேண்டும்.