'உம்ம்' என்ற சத்தமும் பதில் தெரியாத ஒரு கேள்வியும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

இரண்டு மாதமாக எங்கள் காரில் ஒரு சத்தம். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால், அடுத்த தெருவில் மாவு மில் ஓடுவதுபோல 'உம்ம்' என்று ஆரம்பிக்கும். 60-ல் நன்றாகவே கேட்கும். நான் செய்தது என்ன தெரியுமா? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்! பிறகு ஒரு கடையில் காட்டினேன். டயர் தேய்மானம் என்றார்கள். இரண்டு புது டயர் போட்டேன். பணம் போனது, சத்தம் போகவில்லை.

போன மாதம் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் பேரப்பிள்ளைகளோடு கிளம்ப வேண்டும். முதல் நாள் மாலை, காற்றுப் பிடிக்க என் பழைய மாணவன் ஒருவனின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். பேச்சுவாக்கில் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். "சாவியைக் கொடுங்க சார்" என்று அவனே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான்.

ஆளில்லாத புறவழிச்சாலையில் 60-க்குப் போனதும் நியூட்ரலில் போட்டான். இன்ஜின் சத்தம் இறங்கியது, 'உம்ம்' இறங்கவில்லை. "இன்ஜின் இல்ல சார்." தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு வந்தோம். அப்போதும் சத்தம் மாறவில்லை. "டயர் சத்தம்னா ரோடு மாறினா மாறும்." பிரேக்கை லேசாகத் தொட்டான். மாற்றமில்லை. "பிரேக் உரசலும் இல்ல." பிறகு ஸ்டீயரிங்கை மெதுவாக இடப்பக்கம் வளைத்தான். சத்தம் கூடியது. வலப்பக்கம் வளைத்தான். குறைந்தது. "இடது பக்கம் திரும்பினா பாரம் வலது சக்கரத்துமேல சாயும். அனேகமா வலது முன்சக்கர பேரிங். எதுக்கும் தூக்கிப் பார்த்துடலாம்."

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். ஆட்டம் இருந்தது. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, இன்னொரு கையைச் சுருள் ஸ்பிரிங்கில் வைத்தான். என் கையையும் வைக்கச் சொன்னான். அரிசிக்குள் கிடக்கும் மணலைத் தொட்டதுபோல நறநறவென்று இருந்தது. "இதோட நாளைக்குப் போகாதீங்க சார். ரொம்பப் பழுதானா சக்கரமே இறுகிப்போகலாம், கழன்றும் போகலாம்." பின்சீட்டில் உட்காரப்போகும் மூன்று குழந்தைகளின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

கழற்றிய பேரிங்கை என் கையில் கொடுத்துவிட்டு அவன் கேட்டான்: "சார், இந்த உருண்டையை மொதல்ல யார் கண்டுபிடிச்சது?"

33 வருடம் வரலாறு நடத்தியவன் நான். பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்தே மனிதனுக்கு அச்சைப் பற்றிய பயம் உண்டு. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைச் சேம அச்சு என்கிறார். உப்பு வணிகர்களான உமணர், மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்திருப்பார்களாம். இன்றைய ஸ்டெப்னிக்கு மூத்த அண்ணன்! என் சிறுவயதில் எங்கள் மாட்டுவண்டி கிரீச்சிட்டால், தாத்தா மூங்கில் குழாயிலிருந்து மசகு எடுத்துப் போடுவார். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. சக்கரத்தின் சத்தம் கேட்டு வைத்தியம் பார்ப்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

அச்சு உரசாமல் உருளவேண்டும் என்று யோசித்து, வண்டி அச்சுக்குள் உருண்டைகளை வைக்க 1794-இல் காப்புரிமை வாங்கியவர் வேல்ஸ் நாட்டு இரும்பு ஆலைக்காரர் பிலிப் வாகன். ஆனால் ஒரே அளவில், பிசிறில்லாத உருண்டைகளை மலிவாகச் செய்ய அன்றைக்கு வழியில்லை. உருண்டைகளில் ஒன்று பெரிதாக இருந்தாலும் பாரம் முழுக்க அதன் தலையில் விழுந்துவிடும்.

இடையில் ரயில் வந்துவிட்டது. உருண்டைகள் இல்லாமல், எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலும் அச்சுகள். எண்ணெய் வற்றினால் அச்சுப்பெட்டி சூடேறிப் புகையும், அச்சே முறியவும் செய்யும். விரிசலாலும் அச்சு முறியும். 1842 மே 8 அன்று வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் முன் இன்ஜினில் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அண்டார்க்டிகா கடலுக்குப் போய்த் திரும்பிய மாலுமி தூமோன் தூர்வில் அதில் குடும்பத்தோடு மாண்டார். உலோகமும் களைத்துப்போகும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே வளரும் என்று பொறியாளர்கள் தீவிரமாக ஆராயத் தொடங்கியதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

விழுப்புரம் சந்திப்பில் ரயில் நிற்கும்போது, நீளக் காம்புச் சுத்தியலால் ஒருவர் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். "நல்ல சக்கரம் மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்டது சட்டி மாதிரி சத்தம் போடும்" என்று அப்பா சொன்னார். எத்தனை ஆயிரம் உயிர்கள் அந்த ஒருவரின் காதை நம்பிப் பயணம் செய்தன!

உருண்டைகளுக்கு மறுவாழ்வு கொடுத்தது சைக்கிள். 1869 நவம்பர் 7-இல் பாரிசிலிருந்து ரூவான் வரை 120 கிலோமீட்டருக்கு மேல் நடந்த பந்தயத்தில், பால் பேரிங் வைத்த வண்டியில் ஜேம்ஸ் மூர் வென்றார். 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் ஊரில் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர், எஃகு உருண்டைகளை ஒரே அளவில் அரைத்தெடுக்கும் எந்திரத்தை உருவாக்கினார். வாகனுக்கு வாய்க்காதது கிடைத்துவிட்டது. 1898-இல் அமெரிக்காவில் குதிரைவண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன், கூம்பு வடிவ உருளைகளுக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி திரும்பும்போது பக்கவாட்டில் வரும் அழுத்தத்தையும் அது தாங்கும். என் மாணவன் ஸ்டீயரிங்கை வளைத்துச் சோதித்தானே, அதே அழுத்தம்தான்.

இனிமேல் சொல்வதுதான் என்னை வெட்கப்பட வைத்தது. இரண்டாம் உலகப்போரை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஸ்டாலின்கிராட் சொன்னேன், ஹிரோஷிமா சொன்னேன். ஷ்வைன்ஃபுர்ட் சொன்னதில்லை. விமானம், டாங்கி, லாரி எதுவும் பேரிங் இல்லாமல் ஓடாது என்பதால், 1943 ஆகஸ்ட் 17-இலும் அக்டோபர் 14-இலும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தச் சிறிய ஊரின் பேரிங் ஆலைகளைத் தாக்கின. அக்டோபர் தாக்குதலுக்குப் போன 291 விமானங்களில் 60 திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். ஆலைகளைச் சுற்றி வாழ்ந்தவர்களும் மடிந்தார்கள். ஜெர்மனி ஆலைகளைப் பல ஊர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோய், உற்பத்தியைத் தொடர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளுக்காக இத்தனை உயிர்கள்.

இனி உங்களுக்கு மூன்று வார்த்தை. வேகம் கூடக் கூட வளரும் சத்தத்தைப் பாட்டுப் போட்டு மறைக்காதீர்கள். டயர் மாற்றுவதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைத்து ஓட்டும் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள், தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஒன்று சொல்லாமல் முடித்தால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. இந்த மாணவன் எட்டாம் வகுப்பில் வரலாற்றில் வாங்கிய மதிப்பெண்ணை, எல்லோரும் சிரிக்கும்படி உரக்கப் படித்தவன் நான். அன்று அவன் தலைகுனிந்து நின்றது எனக்கு மறக்கவில்லை. அவனுக்கும் மறந்திருக்காது. ஆனாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இரவு ஒன்பது மணிவரை இருந்து வேலையை முடித்துக் கொடுத்தான். காலையில் நாங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம். வண்டிக்குள் பேரப்பிள்ளைகளின் சத்தம் மட்டும்தான்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. உனக்குச் சொல்லவேண்டிய மன்னிப்பையும் இதிலேயே சேர்த்துக்கொள். பழைய பேரிங் என் மேசைமேல்தான் இருக்கிறது.