மரியாதையோடு கவனித்தார்களா?

1801 ஜனவரியில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, கிழக்கிந்தியக் கும்பெனியின் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். 1799 ஒப்பந்தத்தோடு நாட்டின் ஆட்சி கைவிட்டுப் போயிருந்தது. தஞ்சைக் கோட்டையும் அதையொட்டிய கொஞ்சம் இடமுமே மிச்சம். சத்திரங்களையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பில் பிறந்த கடிதம் அது. ராமேசுவரப் பாதையில் வருகிறவர்களுக்குச் சோறு போடுவதோடு சத்திரத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை என்று மன்னர் விளக்குகிறார். நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் அங்கே வைத்தியர் உண்டு. படுத்துவிட்ட வழிப்போக்கருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து, எழுந்து நடக்கும் வரை அன்போடும் மரியாதையோடும் கவனிப்பார்கள். சத்திரத்தில் பிள்ளை பெற்ற பெண் மூன்று மாதம் வரை அங்கேயே தங்கலாம்.

மருந்துக்கும் சோற்றுக்கும் கணக்கு உண்டு. மரியாதைக்கு ஏது கணக்கு? ஆனாலும் அதையும் ஒரு செலவினம்போல அரசாங்கக் கடிதத்தில் சேர்த்திருக்கிறார் சரபோஜி. காவிரிக் கரையில் வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது.

சோழர் காலத்துக் கணக்கு வேறு மாதிரி. பாலாற்றங்கரைத் திருமுக்கூடல் கோயிலில், 1060களில் வீரராஜேந்திரன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு, வீரசோழன் என்ற ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, வரிவரியாக விவரிக்கிறது. பதினைந்து படுக்கை. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்கிறவருக்கு 30 கலம். நோயாளிக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. மூலிகை கொண்டுவர ஆள், மருந்து காய்ச்சவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் பெண்கள், இராமுழுக்க எரிய ஒரு விளக்கு, சேமித்து வைக்க வேண்டிய தைலங்களின் பட்டியல் என்று எல்லாமே அந்தக் கல்லில் உண்டு. படுத்திருந்த பதினைந்து பேரும் என்ன நினைத்தார்கள் என்பது மட்டும் இல்லை. அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நோயாளி ஒரு தனி மனிதராக ஏட்டில் ஏறுவது சரபோஜியின் மருத்துவ நிலையமான தன்வந்திரி மகாலில்தான். கண்நோயாளிகளின் வரலாறும் சிகிச்சை விவரமும் ஆங்கிலத்தில் விரிவாக எழுதி வைக்கப்பட்டன. அந்த ஏடுகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. 2003இல் சங்கர நேத்ராலயாவின் நிறுவனர் பத்ரிநாத் கவனத்துக்கு அவை வந்த பிறகு, கண் மருத்துவர்களிடையே பெரிதும் பேசப்பட்டன. கண்புரை அறுவையை மன்னரே செய்தார் என்று நம்பப்படுகிறது.

அந்தக் காலத்தில் திருவையாற்றிலிருந்து ஒருவர் கண்ணைக் காட்டத் தஞ்சாவூர் போவதென்றால் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். தூரம் என்னவோ குறைவுதான். ஆனால் புரை விழுந்த கண்ணோடு, ஆடிப்பெருக்குக்குப் பிறகு ஆறு நிறைந்து ஓடும் மாதங்களில், அது பெரும் பயணம். அப்படி வந்தவரின் கதையை உட்கார்ந்து கேட்டு எழுத ஒருவரை அமர்த்தியதே பெரிய காரியம்.

1855இல் தஞ்சை அரச வம்சத்தின் உரிமை முடிந்தது. சத்திரங்கள் மெல்ல உள்ளாட்சி அமைப்புகளின் கைக்குப் போயின. 1881இல் திருவையாற்றில் தொடங்கிய வடமொழிக் கல்லூரி, இன்றைய அரசர் கல்லூரி, சத்திர நிதியில் வளர்ந்ததுதான். கல்விக்கு அது நல்ல காலம். சத்திரத்து வைத்தியமோ அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிச் சீட்டுக்குள் வந்து சேர்ந்தது. பெயர், வயது, மருந்து. சீட்டில் அதற்கு மேல் இடம் கிடையாது.

நோயாளியிடமே கேட்டு இந்த உறவை மதிப்பிடும் முயற்சி மேற்கில் சூடுபிடித்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1957இல் லண்டனில் மைக்கேல் பாலின்ட் எழுதிய நூல், மருத்துவர் என்ற ஆளே ஒரு மருந்து என்று பொது மருத்துவர்களுக்கு உணர்த்தியது. 2004இல் ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் மெர்சர் குழு பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டது. மருத்துவர் சங்கடமில்லாமல் பேச விட்டாரா, முழுக் கதையையும் சொல்ல விட்டாரா, காது கொடுத்துக் கேட்டாரா என்று அது விசாரிக்கும். அதே ஆண்டு நெதர்லாந்தில் ஒன்பது கேள்விகளில் இன்னொன்று வந்தது.

இவற்றை அப்படியே கொண்டுவந்து காவிரி டெல்டாவில் விரித்தால் போதாது. தமிழ்நாட்டு மருத்துவர் விஜயபிரசாத் கோபிசந்திரனும் சதீஷ்குமார் செட்லப்பள்ளியும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தமிழ்நாட்டின் கிராமத்திலும் நகரத்திலும் மக்களிடம் உட்கார்ந்து பேசி, மருத்துவர் மீது நம்பிக்கை எதிலிருந்து வருகிறது என்று தேடினார்கள். திறமை, மரியாதை, ஒரே மருத்துவரை விட்டுப் போகாத பற்று எல்லாம் வந்தன. கூடவே ஐரோப்பிய வினாத்தாள்களில் காணாத ஒன்றும் வந்தது: கையில் காசில்லாவிட்டாலும், எந்நேரத்தில் போனாலும் பார்ப்பார் என்ற உறுதி. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்தக் கதவைத் தட்டலாம் என்பதை வைத்துத்தான் இங்கே டாக்டர் ‘நம்ம டாக்டர்’ ஆகிறார். ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்த ராயபுரம் ஜெயச்சந்திரன் 2018இல் மறைந்தபோது வடசென்னை அழுததும் இதனால்தான்.

அதே ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு, கவலை தருவது. மருத்துவமனையின் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் நம்பிக்கையின் ஒரு கூறாகவே அங்கே வெளிப்பட்டது. நெரிசல், காத்திருப்பு, இல்லாத மருந்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு ‘நல்லாத்தான் பாக்குறாங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். வேறு போக்கிடம் இல்லாதவர் கொடுக்கும் முழு மதிப்பெண்ணை உறவின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. கேள்வித்தாளோடு கிராமத்துக்குப் போகிறவர்கள், இந்த மருத்துவர் எப்படி என்று கேட்குமுன், இவர் இல்லையென்றால் எங்கே போவீர்கள் என்று கேட்டு, அந்தப் பதிலையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.