அடிமரம் துப்பாக்கிக்கு வந்த கதை

கடையில் "ஸ்டாக் இல்லை" என்கிறார்கள். பங்குச் சந்தைக்கு ஸ்டாக் மார்க்கெட் என்று பெயர். துப்பாக்கியின் குழலைத் தாங்கித் தோளில் பதியும் மரப்பாகமும் ஆங்கிலத்தில் ஸ்டாக்தான். மூன்றும் ஒரே சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு அடிமரம், மரக்கட்டை என்று பொருள். துப்பாக்கிக்கு அந்தப் பெயர் நேராகவே வந்தது. இரும்புக் குழலைக் கட்டையில் ஏற்றினார்கள், கட்டையின் பெயரே நிலைத்தது. வணிகத்துக்குச் சற்றுச் சுற்றி வந்திருக்கிறது. கிளை தழைக்க அடிமரம் வேண்டும், வியாபாரம் தழைக்கக் கையிருப்பு வேண்டும் என்பது சொல்லாய்வாளர் தரும் விளக்கம். தமிழிலும் அடியையும் வேரையும் குறிக்கும் 'முதல்' என்ற சொல்தானே வணிகரின் கைம்முதலாகவும் ஆனது!

இந்துஸ்தானியில் துப்பாக்கிக் கட்டைக்குப் பெயர் 'குந்தா'. பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல்லுக்கும் மரக்கட்டை என்றே பொருள். கைதியின் காலை மாட்டும் தொழுமரத்தைப் பாரசீகம் குந்தா என்றது. ஆங்கிலம் ஸ்டாக்ஸ் என்றது. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன. தமிழிலும் துப்பாக்கியின் மரப்பாகம் கட்டைதான். அதன் அடிப்பகுதியை ஈழத்தில் பிடங்கு என்பார்கள். நம் காவலர்களுக்கு அது 'பட்'.

குழல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாம், கட்டை அப்படி இருக்க முடியாது. விசையிலிருந்து கட்டையின் கடைசி வரையுள்ள நீளம் சுடுபவரின் கைக்கும் தோளுக்கும் பொருந்த வேண்டும். நம் காவல்துறையினர் நெடுங்காலம் சுமந்த 303 ரைஃபிளின் பின்கட்டை தனித் துண்டு. அதைப் பிரிட்டிஷார் நான்கு அளவுகளில் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே அரை அங்குலம் வித்தியாசம். மிகக் குட்டையானதற்குப் பெயர் பேண்டம். முதல் உலகப் போரில் குள்ளமான வீரர்களைக் கொண்டு அமைத்த படைப்பிரிவுகளுக்கும் அதுவே பெயர்.

அமெரிக்காவில் தாத்தாவின் பழைய ரைஃபிளை வீட்டுப் பட்டறையிலேயே சீராக்குபவர்கள் பலர். குண்டு இல்லை என்று உறுதிசெய்து, இரும்புப் பாகங்களைக் கழற்றிய பிறகே மரத்தில் கைவைப்பார்கள். கட்டை பெரும்பாலும் விசைக்குப் பின்னால், கைப்பிடிக்குள் அடங்கும் ஒடுங்கிய இடத்தில்தான் விரியும். அங்கே மரத்தின் நார் குறுக்கே ஓடினால் பின்னுதைப்பில் பிளந்துவிடும். விரிசலில் ஊறிய பழைய எண்ணெயை அசிட்டோனால் போக்காவிட்டால் பசை பிடிக்காது. பிறகு எபாக்சியை உள்ளே செலுத்தி, ரப்பர் குழாயால் இறுகச் சுற்றிக் காயவிட வேண்டும்.

குட்டையான கட்டையை நீட்டும் வேலையில் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். பின்முனையை நேராக அறுத்து, அதே வகை மரத்துண்டை ஒட்டுவார்கள். குறுக்கே வெட்டிய இரு முகங்களைச் சேர்க்கப் பசை மட்டும் போதாது. உள்ளே மரமுளைகள் அடிக்க வேண்டும். நாரோட்டமும் நிறமும் ஒத்துப்போகும் துண்டைத் தேடி, அரத்தால் வடிவம் பிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவார்கள்.

இன்று கண்ணாடியிழையாலும் பிளாஸ்டிக்காலும் செய்த கட்டைக்கும் ஸ்டாக் என்றே பெயர். ஆனால் உடைந்ததை ஒட்டவும், குட்டையானதை நீட்டவும், பேரப்பிள்ளையின் தோளுக்கு ஏற்பச் செதுக்கவும் மரம்போல் இடங்கொடுக்கும் பொருள் வேறில்லை. ஒரு விரிசலுக்காக நல்ல கட்டையைத் தூக்கி எறிவது முதலையே இழப்பதுதான்.