வனிலாவும் பன்னிரண்டு வயசுப் பையனும்



நான் குடியிருப்பது வட சென்னை யானைக்கவுனி. நாலு எட்டு வைத்தால் சௌகார்பேட்டைக் கடைத்தெரு. அங்கே ஐஸ்கிரீம் கேட்டால் முதலில் நீட்டுவது வனிலாதான். அதில் பெரும்பாலும் ஆலையில் செய்த வாசனை, அது வேறு விஷயம்! அசல் வனிலா ஓர் ஆர்கிட் கொடியின் காய். மிளகுக்கொடி மாதிரி மரத்தைப் பற்றி ஏறும்.

தாய்நாடு மெக்சிகோ. கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றாலம் வாசனைப்பயிர்த் தோட்டத்துக்கு 1835-லேயே இது வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் மெக்சிகோவை விட்டு வந்த கொடி தழைக்கும், பூக்கும், காய்க்காது. பூவுக்குள்ளே ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் தடுக்கிறது. பூ விரிந்திருப்பதும் ஒரே ஒரு காலைப்பொழுதுதான். பெல்ஜியத்தில் ஒரு பேராசிரியர் 1836-ல் கையால் காய்க்க வைத்தார். அந்த முறை தோட்டக்காரர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் தீவு இருக்கிறதே, பிற்காலத்தில் நம் தமிழ் ஜனங்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன அதே தீவு, அங்கேயும் இதே கதை. 1841-ல் பெலியே போமோன் என்ற தோட்ட முதலாளி தன் கொடியில் காய் தொங்குவதைப் பார்த்து அசந்துபோனார். கூட வந்த அடிமைப் பையன் எட்மோன், "நான்தான் பண்ணேன்" என்றானாம். வயசு பன்னிரண்டு. முதலாளி நம்பவில்லை. பையன் செய்து காட்டினான்: சின்னக் குச்சியால் மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். அவ்வளவுதான்! தோட்டம் தோட்டமாக அவனைக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுக்கச் செய்தார்கள். தீவுக்குப் பணம் கொட்டியது.

பையனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலையும், அல்பியுஸ் என்ற குடும்பப் பெயரும். தாவர நிபுணர் ஒருவர், "அது நான் சொல்லிக்கொடுத்தது" என்று உரிமை கொண்டாடினார். பழைய முதலாளிதான் எட்மோனுக்காகச் சாட்சி சொன்னார். 1880-ல் எட்மோன் ஏழையாகவே செத்தார்.

இன்றும் தோட்டங்களில் அதே முறைதான். 2000-ல் மடகாஸ்கரைப் புயல் தாக்கிய பிறகு விலை ஏறி, 2003 வாக்கில் பதப்படுத்திய காய் கிலோ 400 டாலரையும் தாண்டியது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தென்னை, பாக்குத் தோப்புக்காரர்கள் கொடித்துண்டு கேட்டு அலைந்தார்கள். கொடி காய்க்க மூன்று வருஷம் ஆகும். அதற்குள் விலை படுத்துவிட்டது.

இப்போது வைக்க நினைப்பவர்கள், பூக்கும் பருவத்தில் தினமும் விடிகாலை தோப்பில் குச்சியோடு நிற்க ஆள் உண்டா என்று முதலில் பாருங்கள். காய் முற்ற ஒன்பது மாசம், பதப்படுத்த இன்னும் சில மாசம்.