பொதுத்தேர்வும் மாணவர் பராமரிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆண்டுதோறும் பொதுத்தேர்வுக் காலம் நெருங்கும்போது நம் சபைகளில் மாணவர்க்கென விசேஷ ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பயில்வோர் பீடத்தண்டை அழைக்கப்பெற்று ஆசி பெறுகின்றனர். முடிவுகள் வெளிவந்த பின்னர், உயர்ந்த மதிப்பெண் பெற்றோர் மற்றொரு ஞாயிறன்று பாராட்டப்படுகின்றனர். இவ்விரு ஞாயிறுகளிலும் ஆலயத்திற்கு வந்தவர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆயர், முதல் ஞாயிறு பீடத்தண்டை நின்ற சிலர் இரண்டாம் ஞாயிறு ஆலயத்திலேயே இல்லை என்பதைக் காண்பார். அவர்கள் தேர்வில் தவறியவர்கள். அல்லது குடும்பம் எதிர்பார்த்த மதிப்பெண்ணைப் பெறாதவர்கள். அவர்களைக் குறித்த நமது பொறுப்பு யாது? இவ்வினாவை ஆராய்வதற்குத் தேர்வு நம்மிடையே வந்த வழியையும், அதனை நெறிப்படுத்த முயன்றோர் கண்ட குறைகளையும் அறிந்துகொள்வது நலம்.

1. தேர்வு வந்த வழி

சென்னை மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிக் கல்வி பொதுத்தேர்வோடு பிணைக்கப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அவற்றிற்கு மாதிரியாகக் கொள்ளப்பட்ட இலண்டன் பல்கலைக்கழகம், அந்நாளில் தானே கற்பிக்கும் நிறுவனமாயிராமல், தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனமாகவே இருந்தது. இம்முறையிலேயே 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் தோன்றின. ஆக, கற்பிப்பவர் ஒருவர், தீர்ப்புச் சொல்பவர் வேறொருவர் என்ற பிரிவு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

மெட்ரிகுலேஷன் என்பது பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வேயாயினும், விரைவில் அரசு அலுவலகங்களின் வாயிலாகவும் அது ஆயிற்று. பட்டம் பெற எண்ணாதவனும் எழுத்தர் வேலைக்காக அதனை எழுதினான். அதே 1854ஆம் ஆண்டின் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு உதவி மானியம் வழங்கவும் வழி செய்தது. மிஷன் பள்ளிகள் பல்கிப் பெருகியதற்கு இம்மானியம் பெரிதும் உதவிற்று என்பதை நன்றியோடு நினைவுகூர வேண்டும். எனினும் மானியம் பெற்ற பள்ளி, அரசின் ஆய்வுக்கும் பாடத்திட்டத்திற்கும் தேர்வுக்கும் தன்னை உட்படுத்திக் கொண்டது. எதற்காகக் கற்பிக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையில் ஒரு பங்கு அன்றே நம் கையைவிட்டு நீங்கிற்று.

2. வட்டுக்கோட்டை தந்த பாடம்

இவ்விழப்பை முன்னரே உணர்த்திய நிகழ்ச்சியொன்று யாழ்ப்பாணத்தில் நடந்தது. அமெரிக்க இலங்கை மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றை நிறுவிற்று. டானியல் பூவர் அதன் முதல் தலைவர். மாணவர்கள் விடுதியில் தங்கிப் பல ஆண்டுகள் பயின்றனர். தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானியலும் திருமறையும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. கற்பித்தவரும் கற்றவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்தமையால், ஒரு மாணவனின் திறமும் குணமும் தளர்ச்சியும் ஆசிரியருக்கு நேரில் தெரிந்திருந்தன.

ஆனால் ஆங்கிலம் கற்றவர்களில் பலர் இலங்கையிலும் இந்தியாவிலும் அரசு ஊழியத்திற்குச் சென்றனர். கிராமச் சபைகளுக்குப் போதகர்களையும் ஆசிரியர்களையும் ஆயத்தப்படுத்துவதே நோக்கமென எண்ணிய அமெரிக்க மிஷன் சங்கத்தார் இதனை ஏமாற்றமாகக் கண்டனர். அச்சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் உள்ளிட்ட தூதுக்குழுவின் வருகையை அடுத்து, 1855இல் செமினரி மூடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் அங்கே பயின்றவர்கள் என்பது வரலாற்றின் விந்தையாகும். தாமோதரம்பிள்ளை பின்னாளில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துத் தமிழுலகின் நன்றிக்கு உரியவரானார். மிஷன் சங்கத்தார் தம் நோக்கம் என்னும் அளவுகோலால் மாணவரை அளந்தனர். பிற்காலத்தார் மதிப்பெண்ணால் அளந்தனர். தாமோதரம்பிள்ளையின் வாழ்வோ இவ்விரு அளவுகோல்களுக்கும் அப்பால் விரிந்தது. 1872இல் அவ்வூரிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மூடிய கதவு மீண்டும் திறக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

3. பாடத் தேர்வும் இராமானுஜனும்

தேர்வுமுறையின் இறுக்கத்திற்குத் தமிழ்நாட்டில் மிகவும் அறியப்பட்ட சான்று கணித மேதை இராமானுஜனின் இளமைக்காலமாகும். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சிறந்து தேறிய அவர், 1904இல் உதவித்தொகையுடன் அவ்வூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. வகுப்பில் கணிதத்தோடு வேறு பல பாடங்களிலும் தேற வேண்டியிருந்தது. கணிதத்தில் மூழ்கிய அவர் ஏனையவற்றில் பின்தங்கினார், உதவித்தொகை நிறுத்தப்பட்டது. 1905இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வில் தவறினார்.

இங்கு நோக்கவேண்டியது மேதையின் சிறப்பன்று. எல்லாப் பாடங்களிலும் ஒருசேரத் தேறாதவன் எதிலுமே தேறாதவன் என்ற விதி ஓர் இளைஞனை ஊரைவிட்டே ஓடச் செய்தது என்பதேயாகும். அவரைக் கைதூக்கிவிட்டவர்கள், அவருடைய குறிப்பேடுகளைப் பொறுமையோடு படித்துப் பார்த்த சில தனிமனிதர்கள். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியபோது, பட்டமில்லாத ஒருவருக்காகத் தன் வழக்கமான நடைமுறையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. இராமானுஜன் அல்லாத எத்தனையோ மாணவர்க்கு அவ்வாறு குறிப்பேட்டைப் படிப்பவர் கிடைக்கவில்லை. அவர்களுடைய பெயரும் நமக்குத் தெரியாது.

4. ஆசிரியரின் சான்றுக்கு இடம் தேடிய முயற்சிகள்

இக்குறையை அரசும் அறியாமலில்லை. 1911 முதல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை நடைமுறைக்கு வந்து, மெட்ரிகுலேஷனின் இடத்தைப் பெற்றது. இதன் நோக்கம் இன்று பலரும் மறந்துவிட்ட ஒன்றாகும். மாணவர் கையில் கொடுக்கப்பட்ட சான்றேட்டில், பொதுத்தேர்வு மதிப்பெண்களோடு, பள்ளியில் அவர் பெற்ற மதிப்பெண்களும் பதிவாயின. கட்டாயப் பாடங்களோடு விருப்பப் பாடங்களுக்கும் இடமிருந்தது. தொடக்கத்தில் தேறினார், தவறினார் என்ற தீர்ப்பே அதில் இல்லை. அவரவர் தேவைக்கேற்பச் சான்றேட்டைப் பார்த்துக் கல்லூரிகளும் அலுவலகங்களும் முடிவு செய்யலாம் என்பதே கருத்து. ஆயினும் சமுதாயம் ஒரு கோட்டை வரைந்துகொண்டது. கல்லூரிக்குத் தகுதி பெற்றவர் என்றும் பெறாதவர் என்றும் மாணவர் மீண்டும் இருகூறாயினர்.

விடுதலைக்குப்பின், 1952-53இல் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக்குழு இதே பொருளை மீண்டும் எடுத்துக்கொண்டது. வெளித்தேர்வுகளைக் குறைக்க வேண்டும், மாணவரின் வளர்ச்சியைக் காட்டும் தொடர் பதிவேடுகள் பேணப்பட வேண்டும், பலதிறப் பாடப்பிரிவுகள் வேண்டும், பாடமும் தொழிலும் தெரிந்துகொள்ள வழிகாட்டும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பள்ளிதோறும் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. 1964-66இல் கோத்தாரி குழுவும் தேர்வுச் சீர்திருத்தத்தையும் தொழிற்கல்வியையும் வலியுறுத்திற்று. அக்குழு கூறிய 10+2+3 அமைப்பினைத் தழுவித் தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றது.

இதனால் விளைந்த மாற்றம் ஒன்று கவனத்திற்குரியது. முன்னர்ப் பதினோராம் வகுப்பை முடித்துப் புகுமுக வகுப்பில் சேரும்போது செய்யப்பட்ட முக்கியமான பாடத்தெரிவு, இப்போது பத்தாம் வகுப்பின் முடிவிற்கு, ஏறத்தாழப் பதினைந்து வயதிற்கு, முன்தள்ளப்பட்டது. கணிதம், உயிரியல், வணிகவியல், தொழிற்கல்வி எனப் பிரிவுகள் பலவாயினும், எது யாருக்கு என்பதைப் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே தீர்த்தது. வழிகாட்டும் ஆசிரியர் பரிந்துரையிலேயே நின்றார். பிரிவுகள் மட்டும் வந்து சேர்ந்தன. மதிப்பெண் மிகுந்தவர் அறிவியலுக்கு, குறைந்தவர் ஏனையவற்றிற்கு என்ற படிவரிசை உருவாயிற்று. தொழிற்கல்வி பயில்வது இழுக்கு என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது.

5. அண்மைக்கால மாற்றங்கள்

பின்னர் வந்த ஆண்டுகளில் தேர்வின்மேல் தேர்வு ஏறிற்று. 1984 முதல் தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத்தேர்வு வந்தது. கிராமப்புற மாணவர் பாதிக்கப்படுகின்றனர் என்ற காரணத்தால் 2007இல் சட்டத்தின் வழி அது நீக்கப்பட்டது. 2017 முதல் மருத்துவப் படிப்பிற்கு அகில இந்திய நுழைவுத்தேர்வான நீட் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதே 2017ஆம் ஆண்டில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. இது மாணவரின் மனச்சுமையைக் குறைக்கும் நற்செயல். பதினோராம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு இரண்டாண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திய பள்ளிகளைத் திருத்தும்பொருட்டு, 2017-18இல் பதினோராம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025இல் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து அது நீக்கப்பட்டது.

கொரோனாத் தொற்றுக் காலம் எதிர்பாராத ஒரு படிப்பினையைத் தந்தது. 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வு நடத்த இயலாமற்போகவே, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவிற்கு 20 விழுக்காடும் தந்து மதிப்பெண் கணிக்க முடிவாயிற்று. 2021இல் பன்னிரண்டாம் வகுப்பிற்கும் முந்தைய வகுப்புகளின் மதிப்பெண்களும் பள்ளியின் அகமதிப்பீடும் கொண்டே முடிவு அறிவிக்கப்பட்டது. 1911இல் சான்றேட்டில் இடம்பெற்றிருந்த பள்ளிப் பதிவு நூறாண்டுகள் கழித்து நெருக்கடியின் நிமித்தம் மீண்டும் தேவைப்பட்டது. பதிவேட்டைக் கருத்தோடு பேணிய பள்ளிகளின் மாணவர் அன்று பயனடைந்தனர்; பெயரளவில் எழுதி வைத்திருந்த பள்ளிகளின் மாணவர் இடருற்றனர்.

6. திருச்சபையின் பொறுப்பு

மேற்கண்ட வரலாற்றில் ஓர் உண்மை திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது. மாணவனை நேரில் அறிந்தவரின் சான்றுக்கு இடமளிக்கச் சீர்திருத்தவாதிகள் மூன்று தலைமுறைகளாக முயன்றனர். ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணே மேலோங்கிற்று. அரசு தன் அமைப்பின் இயல்பால் எண்ணைக் கொண்டே ஆளமுடியும். திருச்சபைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆடுகளைப் பேர்பேராக அழைக்கும் மேய்ப்பனைப் பின்பற்றுகிறோம் எனக் கூறும் நாம், பதிவெண்ணால் ஒரு பிள்ளையை அறிதல் பொருந்துமா?

நம் கையில் இருப்பவை சிறியவையல்ல. மிஷன் காலத்து விடுதிகள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு விளக்கும் உணவும் அமைதியான இடமும் தந்தன. அறிவுரையைவிட அவையே அவர்களைத் தேர்வுக்கு அழைத்துச் சென்றன. ஓரறை வீடுகளில் வாழும் மாணவர்க்கு இன்றும் மாலை வேளைகளில் ஆலயக் கூடத்தைத் திறந்துவிடுதல் எந்தச் சபைக்கும் இயலும். பத்தாம் வகுப்பு முடிவுக்கு முன்பே, சபையிலுள்ள செவிலியரும் மின்பணியாளரும் கணக்கரும் உழவரும் தத்தம் தொழிலைக் குறித்துப் பிள்ளைகளிடம் பேசும்படி செய்தால், பாடத்தெரிவு அண்டை வீட்டாரோடு போட்டியிடும் செயலாகாமல் ஆராய்ந்து எடுக்கும் முடிவாகும்.

முடிவு வெளியாகும் நாளில் ஆயர் முதலில் செல்ல வேண்டியது தவறியவரின் வீட்டிற்கேயாகும். தோல்வியின் நாளில் தனித்து விடப்பட்ட இளைஞர்கள் தம்முயிரையே மாய்த்துக்கொண்ட செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். துணைத்தேர்வு உண்டென்பதையும், 104 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும் என்பதையும் பெற்றோர் முன்னிலையில் எடுத்துரைப்பதும் ஆயரின் கடமையே. பெற்றோரிடம் பேசுவது மாணவரிடம் பேசுவதைக் காட்டிலும் சில வேளைகளில் இன்றியமையாதது. அச்சம் பெரும்பாலும் வினாத்தாளைக் குறித்ததன்று, வீட்டைக் குறித்ததே.

பாராட்டு விழாக்களை நிறுத்தவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. உழைத்தவரை மகிழ்வித்தல் நன்றே. ஆனால் நம் மேடையும் மதிப்பெண் வரிசையையே திரும்பச் சொல்லுமானால், உலகம் ஏற்கெனவே சொன்னதற்கு மேலாக நாம் எதனையும் சொன்னவர்களாகோம். பீடத்தண்டை ஜெபிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஆயரின் குறிப்பேட்டில் இருக்கட்டும். மே மாதத்தில் அப்பட்டியலைக் கையிலெடுத்து, ஒருவரும் விடுபடாமல் வீடுவீடாகச் செல்வதே அந்த ஜெபத்தின் தொடர்ச்சியாகும்.